சூடு ஏறவே இல்லை

காலையில் அந்த பீமுக்கு நான்கு கம்பி போதும் என்று சொன்ன கம்ப்யூட்டர், மதியம் ஐந்து வேண்டும் என்றது. இடையில் நான் எதையும் மாற்றவில்லை. மாற்றவில்லை என்றுதான் நினைத்தேன். அந்த ‘நினைத்தேன்’ இருக்கிறதே, அதுதான் கொஞ்ச நாளாக என்னைப் படாதபாடு படுத்திக்கொண்டிருந்தது.

என் வேலை அப்படிப்பட்டது. அழகான கட்டடத்தை வேறொருவர் வரைந்துவிடுவார். அது விழாமல் நிற்க எங்கே தூண் வேண்டும், பீம் எவ்வளவு பருமன், உள்ளே எத்தனை கம்பி என்று கணக்குப் போட்டுச் சொல்வது நான். வீட்டின் பின்னறைதான் அலுவலகம். ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், துணி காயப்போடும் கம்பிக்கு அப்பால் தெரியும் அடுத்த வீட்டுச் சுவர். அப்போது கையில் இருந்தது ஒரு குழந்தைகள் காப்பகம். கீழே கூடம், மேலே கூடம். சந்தேகத்துக்கு இடமான பீம், சரியாகக் கீழ்க்கூடத்துக்கு மேலே வந்தது. அம்மாக்கள் வேலைக்குப் போகும்போது விட்டுவிட்டுப் போகும் குழந்தைகள் மதியம் படுத்துத் தூங்கப்போகிற இடம்.

ஒப்பந்தக்காரர் போன் செய்தார். வேலையில் கெட்டிக்காரர். பொறுப்பைக் கைமாற்றுவதில் அதைவிடக் கெட்டிக்காரர்.

“மேடம், மொதல்ல அனுப்புன டிராயிங்ல நாலு போட்டிருக்கு. அடுத்ததுல அஞ்சு. நான் எதைக் கட்டட்டும்? எனக்கு ரெண்டும் ஒன்னுதான். நீங்க ஒன்னச் சொல்லிட்டீங்கன்னா நாளைக்கு எவனாவது கேட்டா உங்க பேரச் சொல்லிட்டு நான் பாட்டுக்குப் போயிடுவேன்.”

“பார்த்துச் சொல்றேன்” என்றேன். ‘பார்த்துச் சொல்றேன்’ என்பது நான் வழக்கமாகச் சொல்கிற வார்த்தையே இல்லை.

கையால் கணக்குப் போட்டேன். நான்கு வந்தது. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் கையால் போட்டதும் இதே தலையை வைத்துத்தானே? கம்ப்யூட்டருக்குள் அளவுகளைத் தட்டித் தந்தவளும் நான், அதைச் சரிபார்க்கிறவளும் நான் என்றால், திருடனிடமே சாவியைக் கொடுத்துவிட்டுக் காவல் இருக்கச் சொன்னதுபோல ஆகிவிடுகிறது. அதோடு கம்ப்யூட்டர் தப்பாகக் கணக்குப் போடும் என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறோமா? நின்றுபோகும், தொங்கும், அணைந்துபோகும். கூட்டலில் பிசகாது. பிசகுகிறது என்றால் அது உட்கார்ந்திருக்கிற ஆள்தான்.

அம்மாவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. அம்மா தையல்காரி. ஒரு நாள் ஒரே சட்டைக்கு இரண்டு இடது கைகளை வெட்டிவைத்திருந்தாள். வீடே சிரித்தது. அம்மாவும் சிரித்தாள். பிறகு ஒரு நாள் அளவு கொடுக்க வந்தவரையே மறுபடி யார் நீங்கள் என்று கேட்டாள். கடைசியில் என்னை யாரோ வாடிக்கையாளர் என்று நினைத்துக்கொண்டு, துணி இன்னும் தயாராகவில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்வாள். அந்த மன்னிப்பை என்னால் தாங்க முடிந்ததில்லை. இரண்டு இடது கைகளை வெட்டியபோது அவளுக்கு என் இப்போதைய வயதைவிடக் கொஞ்சம்தான் கூட.

அதனால் யாருக்கும் தெரியாமல் எனக்கே பரீட்சை வைத்துக்கொண்டிருந்தேன். பாத்திரம் கழுவும்போது பதினேழாம் வாய்ப்பாடு. படி ஏறும்போது பள்ளியில் கூடப் படித்தவர்களின் பெயர்கள். அணைத்த அடுப்பைத் திரும்பிப் போய்ப் பார்ப்பேன். அணைந்துதான் இருக்கும். அணைத்தது ஞாபகம் இல்லாமல் பார்க்கிறேனா, ஞாபகம் இருந்தும் பார்க்கிறேனா என்று அதற்கும் ஒரு குழப்பம் வரும். என் வீட்டுக்காரரிடம் மூச்சுவிடவில்லை.

அவர் ஃபிரிட்ஜும் ஏசியும் பழுது பார்க்கிறவர். ஊரில் எது சூடானாலும் அது அவருடைய சொந்தப் பிரச்சினை. குழந்தையின் நெற்றி, டிவியின் முதுகு, சார்ஜர் எதுவானாலும் புறங்கையை வைத்துப் பார்ப்பார். சூடு இல்லையென்றால் அது நன்றாக இருக்கிறது, அவ்வளவுதான். அந்த ஒரு கொள்கையை வைத்துக்கொண்டே இத்தனை வருடம் குடும்பம் நடத்திவிட்டார். நான் கோபமாக இருந்தாலும் புறங்கையை நீட்டிக்கொண்டுதான் வருவார்.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு பின்னறைப் பக்கம் வந்தவரைக் கூப்பிட்டேன்.

“ஏங்க, இங்க கொஞ்சம் வந்து நில்லுங்க. நான் எதையாவது மாத்துறேனான்னு மட்டும் பாருங்க.”

“என்ன இஞ்சினியரம்மா, மேஜிக் காட்டப் போறியா?”

“பாருங்கன்னா பாருங்க.”

அந்தத் திரையில் இருப்பது அவருக்கு ஒன்றும் புரியாது. என் கையை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றார். ஓடவிட்டேன். நான்கு என்று வாசித்தேன். மறுபடி ஓடவிட்டேன். நான்கு. மறுபடி. மறுபடி. ஐந்து.

“நான் எதையாவது மாத்துனேனா?”

“இல்லையே. அந்த ஒரு பட்டனத்தான் தட்டிட்டிருந்த.”

“நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. மாத்திட்டு மறந்திருப்பேன்.”

சிரிக்க வாய் திறந்தவர், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

“எங்கம்மாவுக்கு வந்தது எனக்கும் வந்துடுச்சுங்க” என்றேன். சத்தமாகச் சொன்னது அதுதான் முதல் தடவை.

அவர் தேற்றுவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ, நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஃபிரிட்ஜை அடுத்தவர் வீட்டில் கெடுத்துவிட்டு மாட்டிக்கொண்டவர்போல நின்றார். துணியால் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார்.

“ஒன்னு சொல்றேன். அடிக்கக் கூடாது.”

“சொல்லுங்க.”

“அந்த மெஷினோட வேகத்த நான்தான் கொஞ்சம் ஏத்தி வெச்சிருக்கேன்.”

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர் குனிந்து பெட்டியின் பக்க மூடியைத் தட்டியபடி, குற்றவாளியின் குரலும் வாத்தியாரின் குரலும் மாறி மாறி வர விளக்கினார். தயாரித்தவர்கள், உள்ளே கணக்குப் போடும் ப்ராசஸருக்கு ஒரு வேகம் நிர்ணயித்துத்தான் அனுப்புவார்களாம். ஆனால் உள்ளே போய் அமைப்பை மாற்றினால் அதைவிட வேகமாக ஓட்டலாமாம். ஊரில் நிறைய பேர் செய்கிறார்களாம். வேகம் கூடினால் சூடு கூடும். அதற்காகத்தான் பழைய விசிறியைக் கழற்றிவிட்டுப் பெரியதாக ஒன்றை மாட்டினாராம். தூசி அடைத்துவிட்டது என்று சொல்லி அவர் மாட்டியது எனக்கு ஞாபகம் இருந்தது. ஞாபகம் இருந்ததற்கே ஒரு சந்தோஷம்.

“வேகத்த ஏத்துனா வோல்ட்டேஜும் கொஞ்சம் கூட்டித் தரணும். தந்தா சூடாகும், ஃபேன் கத்தும், நீ கண்டுபிடிச்சுத் திட்டுவ. அதனால வோல்ட்டேஜக் குறைச்சே வெச்சேன். தெனம் தொட்டுப் பார்த்தேன்மா. சூடு ஏறவே இல்ல. ஜில்லுன்னு இருந்துச்சு. அணையல, நிக்கல. சரி, நல்லாத்தான் ஓடுதுன்னு விட்டுட்டேன்.”

அதுதான் விஷயம். அரை வயிற்றுக்குப் போட்டுவிட்டு ஓடு ஓடு என்று விரட்டியிருக்கிறார். தாங்காவிட்டால் மயங்கி விழும், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருந்திருக்கிறார். அது விழவில்லை. எப்போதாவது ஒரு கூட்டலைத் தப்பாகப் போட்டுவிட்டு, ஒன்றுமே நடக்காததுபோல மேலே ஓடியிருக்கிறது. ஏசிக்காரருக்குச் சூடு தெரியும். குளிர்ந்த பொருளும் பொய் சொல்லும் என்பது தெரியாது.

“குழந்தைங்க தலைக்கு மேல நிக்கிற பீமுங்க அது!” என்று கத்தினேன். கத்தும்போதே சிரிப்பு வந்தது, சிரிக்கும்போதே அழுகை வந்தது. எது எப்போது முடிந்தது என்று தெரியவில்லை. அடிக்கக் கூடாது என்று சொல்லியிருந்தாரே, அதனால் கிள்ளினேன். அவர் வாங்கிக்கொண்டார்.

கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டு, அமைப்பை மாற்றும் நீலத் திரைக்குள் போய், எல்லாவற்றையும் வாங்கி வந்தபோது இருந்த நிலைக்கே மாற்றினார். ஒவ்வொரு வரியையும் எனக்குக் காட்டிவிட்டுத்தான் மாற்றினார். பிறகு நான் அந்த பீமை ஓடவிட்டேன். நான்கு. மறுபடி நான்கு. சலிக்கும் வரை நான்கு. அவர் காபி போட்டுக் கொண்டுவந்தார். அப்போதும் நான்குதான். விசிறி மாற்றிய நாளுக்குப் பிறகு நான் அனுப்பிய எல்லாவற்றையும் திரும்பப் போட வேண்டும், ஒப்பந்தக்காரரிடம் அசடு வழிய வேண்டும். எதுவும் பாரமாகத் தெரியவில்லை. என் தலை எனக்கே திரும்பக் கிடைத்திருந்தது. அம்மாவை நினைத்துக்கொண்டேன், பயமில்லாமல்.

“சரி, நான் கேட்டேனா? எதுக்கு இந்த வேண்டாத வேலை?” என்றேன். கோபத்தில் கேட்கவில்லை, சும்மா சீண்டத்தான் கேட்டேன்.

“நீ எங்க கேக்கப் போற? நான்தான் பார்த்துட்டே இருந்தேனே. ஸ்க்ரீனப் பார்த்துட்டு அப்படியே உக்காந்திருப்ப. காபி கொண்டாந்து வெச்சா ஆறிப் போயிடும். கூப்பிட்டாத் திரும்ப மாட்ட. ஒரு பதில் சொல்றதுக்கு இந்த மெஷின் இவள இவ்ளோ நேரம் காக்க வைக்குதேன்னு எனக்கே பாவமாப் போச்சு.”

“எப்போ?”

“அது இருக்கும் ரொம்ப நாளா. நான் ஏத்துறதுக்கு முன்னாடிலேருந்தே. அதனாலதானே ஏத்துனேன்.”

என் கணக்குகள் எதுவும் அவ்வளவு பெரியவை இல்லை. பட்டனைத் தட்டிவிட்டு ஒரு வாய் தண்ணீர் குடிப்பதற்குள் பதில் வந்துவிடும். இந்தக் கம்ப்யூட்டர் என்னை ஒரு நாளும் காக்கவைத்தது கிடையாது. அப்படி ஆறிப்போன ஒரு காபியையாவது ஞாபகப்படுத்திப் பார்த்தேன். கூப்பிட்ட ஒரு குரலையாவது. பதினேழாம் வாய்ப்பாடுதான் முழுதாக வந்தது.

“என்ன, இன்னும் கோவமா?”

“ஒன்னுமில்ல. கடைசியா ஒரு தடவை பார்த்துடறேன்” என்று பட்டனைத் தட்டினேன். விரலை எடுப்பதற்குள் பதில் வந்துவிட்டது. நான்கு. நான் சத்தமாக வாசிக்கவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் புறங்கையைப் பெட்டியின் மேல் வைத்துப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார். “வேகத்தக் குறைச்சாச்சுல்ல, இனிமே கொஞ்சம் லேட்டாத்தான் வரும். வரட்டும், என்ன அவசரம்” என்றார். ஸ்டூலை இழுத்துப் போட்டு, எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவரும் திரையைப் பார்த்தபடி காத்திருக்க ஆரம்பித்தார்.