மூன்றாம் ஓலைக்கு முன் ஒரு வெள்ளைப் புடவை

"யாருடா அவ? இப்பச் சொல்றியா, இல்ல நானே உள்ள போயி இழுத்துக்கிட்டு வரட்டுமா?"

"உள்ள யாருமே இல்லைங்கக்கா."

"யாருமில்லாத வீட்டுல வெள்ளைப் புடவை தானா நடந்து வந்து கொடியில ஏறிக்கிச்சாக்கும்!"

பவுனம்மாள் இந்தச் சத்தத்தைப் போட்டது குழாயடியில். புத்தூரில் எங்கள் ஸ்டோரில் ஒரே காம்பவுண்டுக்குள் ஆறு குடித்தனம், குழாய் ஒன்று. அங்கே போடுகிற சத்தம் ஆறு வீட்டுக்கும் பொது. ஸ்டோர் பவுனம்மாளுடையது. கல்யாணமாகாத பையன்களுக்கு வீடு கிடையாது என்பது அவள் சட்டம். தைரியராஜுக்கு மட்டும் விட்டிருந்தாள். திருவெறும்பூர் ஃபேக்டரியில் வேலை, தையில் கல்யாணம் என்று அவன் சொன்னதை நம்பிவிட்டாள். அன்று காலை ஓட்டிலிருந்து ஒழுகுகிறதா பார்க்கிறேன் என்று அவன் வீட்டுக்குள் நுழைந்தவள், கொடியில் தொங்கிய புடவையைப் பார்த்துவிட்டு வெளியே வந்தாள். மார்கழியில் என்ன ஒழுகல் என்று யாரும் கேட்கவில்லை.

தைரியராஜ் வாளியைக் கீழே வைக்கவும் தோன்றாமல் நின்றான். கடைசியில், "அது தெரிஞ்சவங்களுதுங்க" என்றான். பேசாமலே இருந்திருக்கலாம்.

நாங்கள் ஒன்றும் வீணாகச் சந்தேகப்படுகிறவர்கள் இல்லை. மூன்று வேளையும் ஃபேக்டரி கேன்டீனில் சாப்பிடுகிற பையன் அவன். கார்த்திகையிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் அவன் வீட்டில் புகை வந்தது. சோறு தீய்ந்த வாடை வந்தது. மாதா கோயிலுக்குப் போய் வந்தால் கதவைச் சாத்திக்கொண்டான். கழுவி வைத்த தட்டு இரண்டு இருந்தது. வெள்ளைத் துணிக்குப் போடுகிற நீலம் வாங்கிப் போனான் என்று கடைக்கார சேக் மைதீனே சொன்னார். வேட்டி கட்டாமல் பேண்ட் போடுகிறவனுக்கு நீலம் எதற்கு?

எதிர்வீட்டு அற்புதம்மாள் ஒருபடி மேலே போனாள். அவளும் தைரியராஜும் ஒரே கோயில். "போன ஞாயித்துக்கிழமை என் கண்ணால பாத்தேன். ஜன்னல் வழியாத் தெரியுது, மூலையில வெள்ளையா ஒரு பொம்பளை நிக்கிறா. நான் முறத்தை வச்சுக்கிட்டு அரை மணி நேரம் பாத்தேன், அசையல. ஏம்மான்னு கூப்பிட்டேன், திரும்பல. எவ்வளவு அழுத்தம் பாருங்க!"

வெள்ளைப் புடவை என்றால் தாலி அறுத்தவள். எங்களுக்கு வேறு அர்த்தம் தெரியாது. ஸ்டோரில் வெள்ளைப் புடவைக்காரி ஒருத்திதான், கடைசி வீட்டுப் பொன்னுத்தாய். வயது இருபத்தெட்டு. புருஷன் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்து, காய்ச்சலில் போய் மூன்று வருஷம். தையல் மிஷினை மிதித்துச் சாப்பிடுகிறாள்.

அவள் குடத்தோடு குழாயடிக்கு வந்ததும் பேச்சு நின்றது. பவுனம்மாள் கூரையைப் பார்த்துச் சொன்னாள்: "சில வீட்டுல ஞாயித்துக்கிழமை மட்டும் மிஷின் சத்தமே கேக்கறதில்ல."

பொன்னுத்தாய் குடம் நிறையும்வரை நின்றாள். தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். "எங்கிட்ட இருக்கறது ரெண்டு புடவை. ஒண்ணு கட்டியிருக்கேன், ஒண்ணு கொடியில காயுது. வந்து பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

போய்ப் பார்த்தோம். கொடியில் ஒன்று காய்ந்துகொண்டிருந்தது. அதனால் என்ன, மூன்றாவதாக ஒன்று வைத்திருக்க மாட்டாளா!

வெறும் வாடகை வீட்டு விவகாரமாக இருந்தால் தைரியராஜைக் காலி செய்யச் சொல்வதோடு முடிந்திருக்கும். ஆனால் அவனுக்கு ஓலை ஓடிக்கொண்டிருந்தது. கிறிஸ்தவர் வீட்டுக் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதாவது தெரிந்தவர்கள் வந்து சொல்லவேண்டும் என்று சாமியார் எல்லோர் முன்பும் கேட்பார். இரண்டு ஓலை முடிந்துவிட்டது. பெண் லால்குடி, பெயர் பேட்ரிசியா. ஏதோ உத்தியோகம் என்று தைரியராஜ் மென்று விழுங்கினான். டீச்சராக இருக்கும் என்று நாங்களே முடிவு செய்துகொண்டோம்.

அற்புதம்மாளுக்கு மனசாட்சி உறுத்தியது. அவளுக்கு அது வெள்ளிக்கிழமைகளில் உறுத்தும். நேரே போய்ச் சாமியாரிடம் சொல்லிவிட்டாள். சாமியார் பையனைக் கூப்பிட்டுக் கேட்டார், புடவை யாருடையது என்று. அங்கேயும் அவன் தலையைக் குனிந்துகொண்டு நின்றானாம். சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் பதில் வராவிட்டால் மூன்றாம் ஓலை வாசிக்க மாட்டேன் என்று சாமியார் சொல்லிவிட்டார். இது அற்புதம்மாள் சாமியார் வீட்டு வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டே கேட்டது. அவள் செருப்பு கிடைப்பதற்கு எப்போதும் நேரமாகும்.

சனிக்கிழமை மத்தியானம் ஸ்டோர் வாசலில் ரிக்‌ஷா வந்து நின்றது. ஒரு பெண் இறங்கினாள். வெள்ளைப் புடவை.

"பட்டப்பகல்ல வர்றா பாரு, துணிச்சலை" என்றாள் பவுனம்மாள், வந்தவள் காதில் விழுகிற மாதிரியே.

வந்தவள் கையில் கடிகாரம், காலில் ஷூ. நேராகக் குழாயடிக்கு வந்தாள். "நான் பேட்ரிசியா. இங்க ஆஸ்பத்திரியில நர்ஸு. சாமியார் ஆள் அனுப்பிச் சொன்னாரு. அவரு எங்கங்க?"

பவுனம்மாள் அவன் வீட்டுக் கதவைக் கையால் காட்டினாள். தைரியராஜ் கதவைத் திறந்துகொண்டு வந்தான்.

"நீங்க சொல்லலியா?" என்று பேட்ரிசியா கேட்டாள்.

"இல்ல."

"ஏன்?"

அவன் எங்கள் ஆறு வீட்டு வாசல்களையும் ஒருமுறை பார்த்தான். "சிரிப்பாங்க."

"வைப்பாட்டி வச்சிருக்கான்னு பேசறாங்க. அது உங்களுக்குக் கூசல. சிரிப்பாங்கங்கறதுதான் கூசுதா?"

"அதுகூடப் பரவால்ல பேட்ரிசியா. இது ஃபேக்டரி வரைக்கும் போயிடும்."

"நான் சொன்னா இப்பவே முடிஞ்சிடும். ஆனா சொல்ல மாட்டேன். கல்யாணத்துக்கு அப்புறமும் ஏதோ ஒரு குழாயடியிலதான் இருக்கப் போறோம். இன்னிக்கு வாயைத் திறக்காதவரு என்னிக்கும் திறக்க மாட்டீங்க. ரிக்‌ஷாவை நிக்கச் சொல்லியிருக்கேன். மூணாம் ஓலை வேண்டாம்னு நானே சாமியார்கிட்டச் சொல்லிடறேன்."

சொன்னவள் திரும்பி நடந்தாள். வாசல்வரை போய்விட்டாள்.

அதற்குள் தைரியராஜ் உள்ளே ஓடி, ஒரு கையில் ஈரப் புடவையும் ஒரு கையில் கஞ்சிச் சட்டியுமாக வந்தான். குழாயடியில் இருந்த வாளியைக் காலால் நடுவுக்குத் தள்ளினான். குரல் கீச்சென்று வந்தது, ஆனால் ஆறு வீட்டுக்கும் கேட்டது.

"இது பேட்ரிசியாவோட பழைய டூட்டிப் புடவை. நான்தான் துவைக்கிறேன். நான்தான் கஞ்சி போடறேன். எனக்கு நாலு அக்கா. இருபத்தஞ்சு வயசு வரைக்கும் தண்ணிகூட நான் மொண்டு குடிச்சதில்ல. இவங்களுக்கு மாசத்துல பத்து நாள் நைட் டூட்டி. சோறு வடிக்கவும் துணி துவைக்கவும் கத்துக்கிட்டுத்தான் தாலி கட்டுவேன்னு சொல்லியிருக்கேன். போதுங்களா?"

முதலில் சிரித்தது பவுனம்மாள்தான். பிறகு யாராலும் அடக்க முடியவில்லை. கல்யாணத்துக்கு முன்பே புடவை துவைக்கிற மாப்பிள்ளையை நாங்கள் எங்கே பார்த்திருக்கிறோம்! தைரியராஜின் காது இரண்டும் சிவந்துவிட்டது. ஆனால் உள்ளே ஓடவில்லை. குந்தி உட்கார்ந்து கஞ்சியை வாளியில் ஊற்றினான்.

பவுனம்மாளுக்குச் சிரிப்பு பாதியில் நின்றது. "டேய், டேய், வடிகட்டாம ஊத்தறியே! பருக்கை அப்பிக்கும்டா! தண்ணி விட்டுக் கரை!"

"வடிகட்டணுங்களா?"

"அதுகூடத் தெரியாதா? ஏம்மா நர்ஸு, நீ சொல்லித் தரலியா?"

வாசலில் நின்ற பேட்ரிசியா, "எனக்கும் தெரியாதுங்க. எங்களுக்கு ஆஸ்பத்திரி வண்ணாரு போட்டுத் தருவாரு. அவரு இன்னும் ரெண்டு மாசத்துல வேலையை விட்டு நின்னுடறாரு" என்றாள். ஆனால் ரிக்‌ஷாக்காரரை அனுப்பிவிட்டாள்.

"போன வாரம் கஞ்சி கொஞ்சம் ஜாஸ்தியாப் போச்சுங்க" என்று தைரியராஜ் உள்ளே போய் இன்னொரு புடவையை எடுத்து வந்தான். எடுத்து வந்தான் என்பதைவிடத் தூக்கி வந்தான் என்று சொல்லவேண்டும். சோற்றுப் பருக்கையோடு காய்ந்து, கதவுப் பலகை மாதிரி இருந்தது. சிமெண்டுத் தரையில் வைத்துக் கையை எடுத்தான். புடவை தானாக நின்றது. இடுப்பு வளைவுகூட இருந்தது.

அற்புதம்மாள் சிலுவை போட்டுக்கொண்டாள். அரை மணி நேரம் அசையாமல், கூப்பிட்டும் திரும்பாத அழுத்தக்காரி அவள் முன்னால் நின்றுகொண்டிருந்தாள்.

மறுநாள் மூன்றாம் ஓலை வாசித்தார்கள். தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று சாமியார் கேட்டபோது அற்புதம்மாள் முக்காட்டை மூக்குவரை இழுத்துக்கொண்டிருந்தாளாம்.

பொங்கல் கழித்துக் கல்யாணம் நடந்தது. இருவரும் திருவெறும்பூர் பக்கம் வீடு பார்த்துப் போய்விட்டார்கள். முக்கொம்புக்கு ஒருநாள் கட்டுச்சோறு கொண்டுவந்தபோது அற்புதம்மாள் பார்த்திருக்கிறாள். எலுமிச்சம்பழச் சாதம் அவன் கிளறினதாம், வாயில் வைக்கிற மாதிரிதான் இருந்ததாம். இரண்டு தட்டு எதற்கு என்று மட்டும், அவன் ஸ்டோரைக் காலி செய்துகொண்டு போகும்போது நான் கேட்டேன். ஒன்று சாப்பிட, ஒன்று சோற்றுப் பானையை மூட என்றான். அப்படியும் இருக்கலாம்.

பவுனம்மாள் தன் மகன் வீரமலையை அந்த மாதமே துணி துவைக்கக் குழாயடியில் உட்காரவைத்துவிட்டாள். அவன் பெண்டாட்டி பிரசவத்துக்குப் போயிருந்தாள். ஏன் இந்த ஞானம் வந்தது என்று கேட்டால் பதில் சொல்ல மாட்டாள்.

பேட்ரிசியா அந்தச் சனிக்கிழமை போவதற்கு முன் கடைசி வீட்டுக் கதவைத் தட்டிக் கல்யாண ரவிக்கைக்கு அளவு கொடுத்துவிட்டுப் போனாள். நாங்கள் யாரும் அந்த வாசலுக்குப் போகவில்லை. போய் என்ன சொல்வது? ரவிக்கையைத் தைத்துக் கொடுத்த மறுவாரம் பொன்னுத்தாய் மிஷினை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஸ்ரீரங்கத்துக்குக் குடிபோய்விட்டாள். ஒருவரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. அங்கே ஒரு தபால்காரரைக் கட்டிக்கொண்டாளாம், இப்போது பச்சைப் புடவை கட்டுகிறாளாம். பார்த்தேன் என்று யாரும் அடித்துச் சொல்லவில்லை. ஒருநாள் பாலத்தைத் தாண்டிப் போய்ப் பார்த்துவிட்டு வரவேண்டும்.