நடன வகுப்பைத் தலைவர் ஆய்வு செய்த விதம்

குடியிருப்போர் சங்கத் தலைவர் எந்த வேலையையும் நேரடியாகச் செய்யமாட்டார். முதலில் அதற்கு ஒரு படிவம் தயாரிப்பார். மாடித் தொட்டி நிரம்பி வழிந்த அன்றுகூட, குழாயை மூடாமல் ‘வழிதல் பற்றிய விவரப் படிவம்’ அடித்துக்கொண்டிருந்தவர் அவர்.

அந்தச் சனிக்கிழமை பிற்பகல் தரைத்தளக் கூடத்துக்கு அவர் படிவத்தோடு வந்ததற்குக் காரணம் இருந்தது. அவருடைய மைத்துனர் ஒரு டேபிள் டென்னிஸ் மேசை வாங்கிவிட்டார். அதைப் போட இடம் வேண்டும். கூடத்திலோ வாராவாரம் பிள்ளைகளின் நடன வகுப்பு. ‘பயன் நிரூபிக்கப்படாவிடில் வகுப்பு நிறுத்தப்படும்’ என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டியாகிவிட்டது. மேசையின் பயனை யாரும் நிரூபிக்கவேண்டியிருக்கவில்லை.

வகுப்பை நடத்துபவர் தெருமுனைத் தையல்கடைக்காரர். எல்லோருக்கும் டெய்லர் அக்கா. கழுத்தில் அளவு நாடாவோடே ஆடுவார். யார் வந்தாலும் சேர்த்துக்கொள்வார். அப்படிச் சேர்ந்த பதினோரு பேரில் ஒருத்தி புல்லட். சக்கர நாற்காலியை ஓட்டும் வேகத்தால் வந்த பெயர். ஊரில் இன்னொரு நடன வகுப்பும் உண்டு. லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடியில். இந்தக் கூடம் போனால், புல்லட்டுக்கு ஆட்டம் என்பது டிவியில் பார்க்கிற சமாச்சாரம்தான்.

“அக்கா, இவரு கையெழுத்துப் போடலைன்னா?” என்று கேட்டாள் புல்லட்.

“வாயை மூடிக்கிட்டு அழகா ஆடு.”

“ரெண்டும் சேர்ந்து எனக்கு வராதேக்கா.”

தலைவர் தொண்டையைச் செருமினார். பக்கத்தில் செயலாளர் பேனாவைத் திறந்தார்.

“கேள்வி ஒன்று. நடனத்தால் தங்கள் தன்னம்பிக்கை மேம்பட்டுள்ளதா? ஆம், இல்லை, ஓரளவு.”

முன்னால் நின்ற நெட்டைப் பையன் நெளிந்தான். முதல் மூன்று வாரம் தூணுக்குப் பின்னால் ஒளிந்தே ஆடியதால் அவன் பெயர் தூண்.

“ஓரளவு, அங்கிள்.”

“சமூக நல்லிணக்கம் வளர்ந்துள்ளதா?”

“அப்படின்னா?”

“எல்லாரோடயும் ஒத்துப்போறியான்னு கேக்குறாருப்பா” என்றார் செயலாளர்.

“இவளைத் தவிர. கால்மேல வண்டிய ஏத்துறா.”

“வழியில மரம் மாதிரி நின்னா வேற என்னடா பண்ணுவாங்க?” என்றாள் புல்லட்.

‘நல்லிணக்கம்: ஓரளவு’ என்று செயலாளர் எழுதிக்கொண்டார்.

“இதர பயன்கள்?”

“இங்க ஒருத்தரும் என்னைப் பார்த்து ‘ஐயோ பாவம்’னு சொல்றதில்ல” என்றாள் புல்லட்.

தலைவர் படிவத்தை மேலும் கீழும் தேடினார். “அதுக்குக் கட்டம் இல்லையேம்மா.”

அடுத்தது செயல்முறை விளக்கம். ஆய்வு செய்வதைப் புகைப்படம் எடுக்க வசதியாக, தலைவர் கூடத்தின் நட்டநடுவில் போய் நின்றார். ஸ்பீக்கர் அலறியது. புல்லட் பின்பக்கமாகச் சுழன்று வந்த வேகத்தில், அவிழ்ந்து கிடந்த தலைவரின் ஷூ நாடாமேல் சக்கரம் ஏறியது. அவர் காலை இழுத்தார். நாடா அறுந்தது. தலைவர் ஒற்றைக்காலில் நொண்டி நொண்டி, கைகளை விசிறிக்கொண்டு சுவர்வரை போனார்.

அந்த அசைவை முதலில் பிடித்துக்கொண்டவர்கள் காது கேளாத இரட்டைச் சகோதரிகள், மற்றவர்களைக் கண்ணால் பார்த்தே ஆடுகிறவர்கள். இருவரும் நொண்டினார்கள். அடுத்த நொடி வகுப்பே நொண்டியது. புல்லட் முன்சக்கரங்களை எகிறவிட்டாள்.

“நிறுத்துங்க!” தலைவர் இரண்டு கைகளையும் ஆட்டினார். எல்லோரும் இரண்டு கைகளையும் ஆட்டினார்கள். தலையில் அடித்துக்கொண்டார். பத்துப் பன்னிரண்டு தலைகளில் அடி விழுந்தது. அதில் ஒன்று செயலாளருடையது. அவரும் தன்னையறியாமல் சேர்ந்துவிட்டிருந்தார்.

“கிண்டலா பண்றீங்க?”

“ஐயோ, இல்லீங்க சார்!” டெய்லர் அக்கா பதறி ஓடிவந்தார். “இங்க யாரு தடுமாறினாலும் அதுதான் அடுத்த ஸ்டெப். எல்லாரும் செஞ்சிட்டா, யாரும் தனியா தடுமாறினதா இருக்காதுல்ல? புள்ளைங்களுக்குப் பழகிப்போச்சு.”

தலைவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் ஜன்னலோரம் நின்றிருந்த பெற்றோர் கைதட்டினார்கள். பதினெட்டு ஆண்டுப் பொதுவாழ்வில், செயலாளர் ஜாடை காட்டாமல் அவருக்குக் கிடைத்த முதல் கைதட்டல். அவர் சட்டையைச் சரிசெய்துகொண்டார். யாரும் கேட்காமலேயே இன்னொரு முறை நொண்டினார். இம்முறை இடுப்பையும் கொஞ்சம் சேர்த்துக்கொண்டார்.

அரைமணி கழித்து, வியர்வை சொட்டச் சொட்ட, படிவத்தின் கடைசிப் பகுதியைச் சொல்ல ஆரம்பித்தார். “எழுதுங்க. பரிந்துரை: கூடம் நடன வகுப்புக்கே.”

“அப்போ உங்க மச்சான் மேசை?” என்றார் செயலாளர்.

“அவன் வீட்டுலயே போட்டுக்கட்டும். அதுமேல சாப்பிடட்டும்.”

கையெழுத்து விழுந்தது. புல்லட் அதைக் குனிந்து இரண்டு முறை சரிபார்த்தாள். தலைவர் லேசாகச் செருமினார்.

“ஏம்மா, அடுத்த வாரம் நான் எங்க நிக்கணும்?”

“கடைசி வரிசை, அங்கிள்.”

“நான் சங்கத் தலைவர்ம்மா.”

“தெரியும் அங்கிள். முன்னாடி நின்னா நீங்க பேச ஆரம்பிச்சிடுவீங்க.”