முகத்தை மூடிய துண்டு

தெருவில் அவளுக்கு ‘லைவ் அக்கா’ என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. காலையில் பல் தேய்ப்பதிலிருந்து ராத்திரி கொட்டாவி விடுவது வரை எல்லாவற்றையும் போனில் போட்டுவிடுவாள். பஸ் தாமதமானால் ஒரு பதிவு. அவள் வேலை பார்க்கும் கண்ணாடிக் கடைக்குப் புது ஃப்ரேம் வந்தால், மூக்கில் மாட்டிக்கொண்டு மூன்று பதிவு. போதாக்குறைக்குத் தெரிந்தவர் தெரியாதவர் என்று நாற்பது பேரை டேக் பண்ணுவாள். லிஃப்ட் மெக்கானிக்கான அவள் புருஷன், நீ தும்முறது ஊருக்கெல்லாம் தெரிஞ்ச பிறகுதான் எனக்குத் தெரியுது என்று கிண்டல் பண்ணுவான். அவள் அசரமாட்டாள். நாலு பேர் லைக் போட்டால் அவளுக்கு வயிறு நிறைந்துவிடும், அவ்வளவுதான். கெட்ட மனசு கிடையாது.

அப்பேர்ப்பட்டவளைத்தான் ஒரு வெள்ளைத் துண்டு ஒரு வருஷமாகப் படுத்தி எடுத்தது.

அவளுடைய அப்பா ஓர் ஓட்டலின் வரவேற்பு மேஜையில் முப்பது வருஷம் நின்றவர். ஷேவ் பண்ணாத முகத்தோடு அவரைப் பார்த்தவர்கள் யாரும் இல்லை. சட்டைப்பையில் சீப்பு, மேஜைக்கு அடியில் கைக்கண்ணாடி. குப்பை கொட்டப் போனால்கூடத் தலை வாரிக்கொண்டுதான் போவார். போன வருஷம் தொண்டையில் ஆபரேஷன். குழாய் வைத்துவிட்டதால் பேச்சு இல்லை. முதல் மூன்று நாளும் மகளைக் கண்டால் கண்ணாலேயே சிரித்தார். நாலாவது நாளிலிருந்து, அவள் செருப்புச் சத்தம் கேட்டாலே துண்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். வெளிச்சம் கூசுகிறதோ என்று அவள் ஜன்னல் திரையை இழுத்துவிட்டாள். அப்புறமும் மூடினார். துண்டுக்கு வெளியே ஒரு கை மட்டும் வந்து தாடையைத் தேய்த்துக் காட்டும். அரிக்கிறது போல என்று களிம்பு வாங்கித் தடவினாள். ஆறாம் நாள் காலையில், மூடின துண்டோடே போய்ச் சேர்ந்தார்.

பெத்த மகளுக்கு முகம் காட்டாமப் போற அளவுக்கு நான் என்ன பண்ணிட்டேன்? அந்தக் கேள்வி அவளை விடவே இல்லை. கனவில் அப்பா வருவார். ஓட்டல் மேஜைக்குப் பின்னால் நின்று, வருகிறவர்களுக்கெல்லாம் சாவி எடுத்துக் கொடுப்பார். முகத்தில் துண்டு. அவள் முறை வந்ததும் திரும்பிக்கொள்வார். பகலிலும் விட்டபாடில்லை. ஃப்ரேம் மாட்டிப் பார்க்கிறவர்களுக்கு அவள் கைக்கண்ணாடியைத் தூக்கிப் பிடிப்பாள். அது கொஞ்சம் சாய்ந்தால் ஓரத்தில் வெள்ளையாக ஒன்று நழுவும். திரும்பினால் வெறும் சுவர். பயத்தில் இரண்டு கண்ணாடியைப் போட்டு உடைத்துவிட்டாள். கண்ணைச் சோதித்துப் பார்த்த முதலாளியம்மா, கண்ணில் ஒரு கோளாறும் இல்லை என்றார். பயத்தையும் அவள் பதிவாகப் போட்டாள், சொல்லவா வேண்டும்? ‘அப்பா, ஏன் முகத்தை மறைச்சீங்க?’ என்று. இருநூறு பேர் அழுகிற பொம்மை அனுப்பினார்கள்.

ஒரு வருஷம் ஓடிவிட்டது. நினைவு நாளுக்கு இன்னும் மூன்று நாள். காலையில் கடையைத் திறந்து ஃப்ரேம்களைத் துடைத்துக்கொண்டிருந்தபோது போன் டிங் என்றது. போன வருஷம் இதே நாளில் நீங்கள் போட்ட படம், மறுபடி பகிர்கிறீர்களா என்று கேட்டது. அப்பா வாயைப் பிளந்து தூங்குகிறார். மூக்கில் குழாய், கன்னமெல்லாம் நரைத்த முள்தாடி, கழுத்தில் எச்சில் காய்ந்த கறை. மேலே ‘என் ஹீரோவுக்காகப் பிரார்த்தியுங்கள்’ என்று அவள் எழுதியிருந்தாள். அவள் போட்டதிலேயே அதிகம் ஓடிய பதிவு அது. முந்நூற்றுப் பதினேழு பேர் எழுதியிருந்தார்கள், ஒருத்தரையும் விடாமல் அவள் நன்றி சொல்லியிருந்தாள்.

மறுபடி போட்டால் என்ன என்று விரல் துறுதுறுத்தது. யார் யார் எழுதினார்கள் என்று சும்மா தள்ளிக்கொண்டே வந்தாள். சீக்கிரம் குணமாகட்டும், கைகூப்பு, இதயம், சீக்கிரம் குணமாகட்டும், கைகூப்பு. நடுவில் ஒரு குட்டி வட்டத்துக்குள் வாரிய தலையும் இஸ்திரி போட்ட காலரும் தெரிந்தன. அப்பா.

அந்தக் கணக்கை அவருக்குத் திறந்து கொடுத்ததே அவள்தான், தனக்கு ஒரு லைக் கூடட்டும் என்று. மகளின் பதிவுக்குக் கீழே எழுதுவதைத் தவிர போனில் அவருக்கு வேறொன்றும் எழுதத் தெரியாது. வாய் பேச முடியாத மனுஷன், தெரிந்த ஒரே வழியில் எழுதியிருந்தார்.

“அம்மாடி ஷேவ் கூட பண்ணல. எல்லாரும் பாக்கறாங்க. இத எடுத்துடும்மா.”

அதற்குக் கீழே அவள் பதில். “உங்கள் அன்புக்கு நன்றி. தொடர்ந்து பிரார்த்தியுங்கள்.” கூடவே ஒரு கைகூப்பு. வந்தவர்களுக்கெல்லாம் காப்பி பண்ணி ஒட்டிய அதே வரி.

வாடிக்கையாளர் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். தாடையில் அவருக்கு அரிப்பே இல்லை. ஷேவ் பண்ணிவிடச் சொல்லி இரண்டு நாள் கேட்டிருக்கிறார். அவள் கையில் இருந்த போனுக்குப் பயந்துதான் துண்டை இழுத்து மூடியிருக்கிறார். பாவி, பாவி என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

அந்தப் பதிவை நீக்கப் போனாள். நிச்சயமாகவா, கீழே எழுதியவையும் சேர்ந்து போய்விடும் என்றது போன். அப்பா அவளிடம் கடைசியாகச் சொன்னது அந்த மூன்று வரிதான். கண்ணில் பட்டதையெல்லாம் படம் பிடித்து வைக்கிறவள், அதைப் பிடித்து வைக்கவில்லை.

“எடுத்துடறேன்பா” என்று வாய்விட்டுச் சொல்லி அமுக்கினாள். படம் போனது, அவர் எழுதியதும் போனது. மேஜை மேலிருந்த கண்ணாடியை எடுத்துப் பார்த்தாள். அழுது வீங்கிய அவள் முகமும் பின்னால் சுவரும்தான் தெரிந்தன. ஒரு வருஷம் கழித்து நல்ல மூச்சு வந்தது.

போன் டிங் என்றது. குடும்பக் குழுவில் சித்தி. எதையும் மற்றவர்களை முந்திக்கொண்டு போட்டால்தான் சித்திக்குத் தூக்கம் வரும். அன்றைக்கே அவள் பதிவிலிருந்து இறக்கி வைத்திருந்த அதே படம், அதே முள்தாடி, அதே கறை. சுற்றிலும் பூ வேலைப்பாடு, மூலையில் மினுக்கும் மெழுகுவர்த்தி, ‘முதலாம் ஆண்டு நினைவு’. அதற்குள் பதினொரு பேர் கைகூப்பிவிட்டார்கள்.

அவள் எழுதினாள்.

“சித்தி, அப்பா ஷேவ் கூட பண்ணல. எல்லாரும் பாக்கறாங்க. இத எடுத்துடுங்க.”

உடனே பதில் வந்தது. “நன்றி கண்ணு.” கூடவே ஒரு கைகூப்பு.

மேஜைக் கண்ணாடியின் ஓரத்தில் வெள்ளையாக ஒன்று அசைந்தது. இந்தத் தடவை அவள் திரும்பிப் பார்க்கவில்லை.