ஜன்னலுக்காக ஒரு மேல்முறையீடு

பக்கத்து வீட்டுப் பல் டாக்டருக்கு மாடி கட்ட நகராட்சி அனுமதி கொடுத்துவிட்டது. கொடுத்தவர்கள் ஒருவரும் என் தையல் அறையில் உட்கார்ந்து ஊசி கோர்த்துப் பார்க்கவில்லை. அந்த அறைக்கு இருப்பது ஒரே ஜன்னல். அதற்கு நேர் எதிரேதான் மாடிச் சுவர் எழும்பப்போகிறது. கறுப்புத் துணியில் கறுப்பு நூலோடு மல்லுக்கட்டுகிறவளுக்குப் பகல் வெளிச்சம் வேண்டும். டியூப் லைட்டில் கருநீலமும் கறுப்பும் எனக்கு ஒன்றாகிவிடும். எதிர்ப்பு எழுதிக் கொடுத்தேன், தள்ளிவிட்டார்கள். விடுவேனா? மேல்முறையீடு செய்தேன்.

"பல்லு புடுங்குற ஆளுக்கு மாடி எதுக்கு? பல்லு என்ன மாடியிலயா முளைக்குது?" என்று தெரு முழுக்கக் கேட்டேன். நியாயமான கேள்விதான். ஆனால் மனுவில் அதையெல்லாம் எழுத முடியாதாம்.

இதில் ஒரு சிக்கல். என் அறையே அனுமதி வாங்காமல் கட்டியது. வீடு வாங்கிய புதிதில், கொத்தனாரான என் வீட்டுக்காரர் லீவு நாட்களில் தனியாளாகக் கட்டித் தந்தார். "என் வீட்டுல செங்கல் வைக்க எவனைக் கேக்கணும்?" என்பது அவருடைய சட்டம்.

அதிகாரி நேரில் பார்க்க வருகிறார் என்றதும் வீட்டுக்காரரை உட்காரவைத்துப் பாடம் எடுத்தேன்.

"வாங்கும்போதே இந்த ரூம் இருந்துச்சு. அவ்வளவுதான். வேற ஒரு வார்த்தை வரக்கூடாது."

"நான் என்ன சின்னப் பிள்ளையா? போ."

அதிகாரி வந்தார். கூடவே பல் டாக்டரும், முகம் கொள்ளாத சிரிப்போடு. அதிகாரி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "மாடி வந்தா வெளிச்சம் போயிடும்தான்" என்றார். என் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

"இந்த ரூம் எப்பக் கட்டினது?"

"நாங்க வாங்கும்போதே இருந்துச்சுங்க," என்றார் என் வீட்டுக்காரர், கிளிப்பிள்ளை மாதிரி. மனசுக்குள் அவருக்கு மாலையே போட்டேன்.

அந்த அதிகாரி அதோடு போய்த் தொலைந்திருக்கலாம். சுவரைத் தடவிப் பார்த்தார்.

"அந்தக் காலத்து ஆளுங்க வேலையே தனி. மூலை எவ்வளவு சுத்தமா இருக்கு! இப்ப இருக்குற கொத்தனாருங்க யாருக்கு இது வரும்?"

என் வீட்டுக்காரரின் காது சிவந்தது. கண்ணைக் காட்டினேன், இருமினேன், காலை மிதித்தேன்.

"அந்தக் காலத்து ஆளா? எவன் அது?" என்று வெடித்தார். "இந்தக் கை கட்டினது சார்! ஒத்தை ஆளா! ஒரு நூல் பிசகியிருந்தா என் பேரை மாத்திக்கிறேன்!"

அதை நிரூபிக்க, சுவர் நேராக நிற்கிறதா என்று பார்க்கும் தூக்குக்குண்டை எடுத்துவர உள்ளே ஓடவும் ஓடினார். அதிகாரி பேனாவை எடுத்தார்.

அனுமதியில்லாத அறையின் ஜன்னலுக்கு வெளிச்சம் கேட்கும் உரிமை கிடையாது என்று முடிவு வந்தது. மாடிக்குத் தடையில்லை, எங்களுக்கு அபராதம் தனி. நான் வீட்டுக்காரரோடு பேசுவதை நிறுத்தினேன். சாப்பாட்டுத் தட்டை மட்டும் வைத்தேன், அதுவும் டமாரென்று.

சில வாரம் கழித்துத் தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றார்.

"அன்னிக்கு நம்ம சுவரை டாக்டரும் பாத்தாரில்ல... மாடி வேலையை என்னையே செய்யச் சொல்றாரு."

"ஒத்துக்கிட்டீங்களா?"

"வேற எவனாவது கோணலா கட்டி வெச்சான்னா, நாளெல்லாம் அதைப் பாத்துக்கிட்டு உக்காரப்போறது நீதானே?"

கத்திரியைத் தூரமாக வைத்தேன். கையில் இருந்தால் ஆபத்து. என் வெளிச்சத்தை என் புருஷனே அடைக்கப்போகிறார் என்பது நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. அதைவிடக் கொடுமை, எனக்கு உபகாரம் செய்வதாக அவர் நிஜமாகவே நம்பினார்.

கட்டி முடித்தார். நான் மிஷினை வாசலுக்கு நகர்த்திவிட்டேன். தெருவில் போகிறவர்கள் நின்று, அந்தச் சுவரை அண்ணாந்து பார்த்து, "யாரும்மா கட்டினது? அருமையா இருக்கே!" என்கிறார்கள். உள்ளே அவர் காதைத் தீட்டிக்கொண்டிருப்பது எனக்குத் தெரியும்.

"தெரியலைங்க," என்கிறேன், கொஞ்சம் சத்தமாகவே. "யாரோ வெளியூர் ஆளாம்."