அரை ரவுண்டு

கருங்கல்லும் கொக்கும் ஒருநாளும் நேருக்கு நேர் மோதியதில்லை. அது பஸ் டெப்போ ஒர்க்‌ஷாப் செய்த புண்ணியம். மோதியிருந்தால் யாராவது ஒருவன் ஜெயித்துத் தொலைத்திருப்பான். பதினோரு வருஷமாக மதியச் சாப்பாட்டு நேரத்தில் தொண்டை கிழியக் கத்த ஒர்க்‌ஷாப்காரர்களுக்கு வேறு என்ன இருந்திருக்கும்?

இரண்டு பேருமே ஹெவிவெயிட் குத்துச்சண்டையில் பட்டம் வாங்கியவர்கள். முப்பது வருஷத்துக்கு முந்தைய கதை. கருங்கல் குட்டை, கழுத்து என்று ஒன்று இருந்ததாகச் சாட்சி இல்லை. இடது கையால் விலாவில் ஒன்று போட்டால் எதிராளிக்கு ஏழு தலைமுறையும் ஞாபகம் வரும். கொக்கு நெட்டை. தொடுவான், நகர்வான், மறுபடி தொடுவான். கருங்கல் ஓய்வு பெற்ற பிறகுதான் கொக்கு பட்டத்துக்கே வந்தான்.

கருங்கல்லுக்கு ஹெட் மெக்கானிக் வக்கீல். கொக்குக்கு டயர் மாட்டுகிறவர். பெயின்டர்தான் நடுவர். கயிற்றில் தொங்கும் பழைய பிரேக் டிரம்மை அவர் ஸ்பேனரால் தட்டினால் ரவுண்டு ஆரம்பம். மூன்று நிமிஷம் கழித்து மறுபடி தட்டினால் எல்லோரும் வாயை மூட வேண்டும். ஒருமுறை ஒரு டிரைவர் டிவியில் பார்த்ததை வைத்துக்கொண்டு ரொம்ப அளந்தபோது, ஹெட் மெக்கானிக் ஒரு சட்டமும் போட்டார்.

"இங்க பாரு, நேர்ல குத்து வாங்கினவன் வந்து சொல்லட்டும், அதுதான் தீர்ப்பு. நானும் தலையாட்டிட்டுப் போறேன். வாங்காதவன் எல்லாம் பொத்திக்கிட்டு சாப்பிடு."

அவரும் வாங்காதவர்தான். ஆனால் பூனைக்கு யார் மணி கட்டுவது? சட்டம் நிலைத்துவிட்டது.

இத்தனை கூச்சலும் நடப்பது ஸ்டோர்ஸின் கம்பி வலைக்குப் பத்தடி தள்ளி. வலைக்குப் பின்னால் ஸ்டோர்கீப்பர் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவார். அவரும் ஒரு காலத்தில் ஹெவிவெயிட்தான். கருங்கல்லோடு ஒரே ஒருமுறை மோதி, முதல் ரவுண்டில் ஒன்றரை நிமிஷத்தில் சுருண்டு விழுந்தார். அந்தச் செய்தி வந்த பழைய பேப்பர் எப்படியோ டெப்போவுக்கு வந்து சேர்ந்தது. அன்றிலிருந்து அவருக்குப் பெயர் 'அரை ரவுண்டு'. "அரை ரவுண்டண்ணே, ரெண்டு கேஸ்கெட் குடுங்க" என்று மரியாதையோடுதான் கூப்பிடுவார்கள். கூப்பிட்டவர்களுக்குத் தேனாக இருந்தது. கேட்டவருக்கு எப்படி இருந்தது என்று ஒருவரும் விசாரிக்கவில்லை.

அவருடைய மகளுக்குத் தெரியும். அவள் அந்த டெப்போவின் எலக்ட்ரீஷியன்; வந்து எட்டு மாதம் ஆகிறது, 'கரண்ட்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். தன் பெயரைப் பற்றி அவளுக்குக் கவலையில்லை. வெள்ளிக்கிழமை அப்பா ஓய்வு பெறுகிறார். ஓய்வு பெறுகிறவருக்கு பஸ் நம்பர் பிளேட் ஒன்றில் பட்டப்பெயரை எழுதிக் கொடுப்பது டெப்போ வழக்கம். திங்கட்கிழமை பெயின்டரின் மேஜையில் அந்தத் தகட்டைப் பார்த்தாள். பென்சிலால் 'அரை ரவுண்டு' என்று கோடு போட்டிருந்தது. அதை அப்பா வீட்டுக்கு எடுத்து வருவார். அம்மா அதை எங்கே மாட்டுவாள்?

"அண்ணே, வேற ஏதாவது எழுதுங்களேன்."

"வழக்கத்தை எப்படிம்மா மாத்துறது? வேற பேர் வேணும்னா அவரையே சம்பாதிச்சுக்கிட்டு வரச் சொல்லு" என்றார் பெயின்டர். கெட்ட மனுஷர் இல்லை. அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

அன்று மதியம் ஸ்டோர்ஸில் டியூப்லைட் மாற்ற ஏணியில் ஏறியிருந்தாள். வெளியே டயர்காரர் கொக்கின் குத்தை விளக்கிக்கொண்டிருந்தார். கீழே அப்பா சாப்பாட்டு டப்பாவைப் பார்த்தபடி முணுமுணுத்தார்.

"அப்படி அடிக்க மாட்டான். முதல்ல தோளைத் தொடுவான்."

"உங்களுக்கு எப்படிப்பா தெரியும்?"

"மூணு மாசம் தினமும் வாங்கினேனே. அவன் பேர் வாங்கறதுக்கு முன்னாடி, அவனுக்குப் பயிற்சி ஆட்டம் ஆடினது நான்தான்."

அவள் ஏணியிலிருந்து விழாதது ஆச்சரியம். "அப்போ ரெண்டு பேர் குத்தும் வாங்கினவரு நீங்களா? ஏம்ப்பா வெளியில சொல்லலை?"

"தோத்தவன் பேச்சு அம்பலம் ஏறுமா? லைட்டை மாட்டு."

புதன்கிழமை நான்காவது ரவுண்டு முடிந்து டிரம் ஒலித்தது. அடுத்ததற்குப் பெயின்டர் ஸ்பேனரை ஓங்கினார். மகள் எழுந்து நின்றாள். இன்றைக்கு விட்டால் அந்தப் பென்சில் கோட்டின் மேல் பெயின்ட் ஏறிவிடும்.

"சட்டப்படி ஒரு சாட்சி இருக்கு அண்ணே. நேர்ல குத்து வாங்கினவர்."

ஹெட் மெக்கானிக் சிரித்தார். "உங்கப்பாவா? கருங்கல்கிட்ட வாங்கினார், சரி. கொக்குக்கு யாரு சாட்சி?"

"அவரேதான். ரெண்டு பேர்கிட்டயும் வாங்கியிருக்கார்."

ஒருத்தர் வாயில் வைத்த கவளம் உள்ளே போகவில்லை. எல்லோரும் கம்பி வலையைப் பார்த்தார்கள். அப்பா மகளை முறைத்தார். வீட்டுக்கு வா, பேசிக்கொள்கிறேன் என்ற முறைப்பு. பிறகு டப்பாவை மூடிவிட்டு, கையைக் கழுவி, பதினோரு வருஷத்தில் முதல்முறையாகச் சாப்பாட்டு நேரத்தில் வலைக் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார். நடந்து வரும்போதுதான் அவர் எவ்வளவு பெரிய ஆள் என்பது பலருக்கு உறைத்தது. இத்தனை நாளும் அவரை உட்கார்ந்த நிலையிலேயே பார்த்திருந்தார்கள்.

"கருங்கல் மாதிரி ஒண்ணு போடு" என்றார் ஹெட் மெக்கானிக்கிடம்.

"ஐயோ, வேண்டாம்ண்ணே."

"பதினோரு வருஷமா காத்துலதானே போட்டே. இன்னைக்கு ஆள் மேல போடு."

ஹெட் மெக்கானிக் கூச்சத்தோடு மூச்சை இழுத்து, இடது கையைச் சுழற்றினார். கை போன இடத்தில் ஆள் இல்லை. அப்பாவின் விரல் அவருடைய தோளைத் தொட்டது. எல்லோரும் தோளைப் பார்த்தார்கள், ஹெட் மெக்கானிக்கும் பார்த்தார். அதற்குள் இன்னொரு கையின் இரண்டு விரல்கள் அவர் விலாவில் மெதுவாகப் பதிந்திருந்தன.

"இது கொக்கு" என்றார் அப்பா. "கருங்கல் குத்தறதுக்கு முன்னாடி மூக்கால மூச்சை இழுப்பான். நீயும் இழுத்தே. அது கொக்கு காதுல விழும், நகர்ந்துடுவான். ரெண்டு பேரும் மோதினா கடைசி மணி வரைக்கும் போகும், கொக்குதான் ஜெயிப்பான். ஆனா மறுநாள் ஆஸ்பத்திரியில படுக்கிறவனும் கொக்குதான். கருங்கல் வீட்டுக்குப் போய் நல்லாச் சாப்பிட்டுத் தூங்குவான்."

டயர்காரர் துள்ளிக் குதித்தார். ஹெட் மெக்கானிக்கும் தன் ஆள் தோற்றதை மறந்து தொடையைத் தட்டினார். திடீரென்று நிறுத்தினார்.

"அன்னைக்குக் கருங்கல்லோட மூச்சு உங்க காதுல விழலையாண்ணே?"

"விழுந்துச்சு."

"அப்புறம் ஏன் நகரலை?"

அப்பா சட்டைக்கு மேலேயே வலது விலாவைத் தடவினார். "நகர முடியலை. மூணு நாள் முன்னாடி கொக்கு இந்த எலும்பை உடைச்சிருந்தான். கருங்கல்லோட ஆட வேண்டியவனுக்குக் காய்ச்சல், ஒரு நாள் அவகாசத்துல என்னைக் கூப்பிட்டாங்க. எலும்பு ஒட்டட்டும்னு உட்கார்ந்திருந்தா, கருங்கல் எனக்காகக் காத்திருப்பானா? போனேன். ஒன்றரை நிமிஷம் நின்னேன். சரியா அதே எலும்புல போட்டான்."

"இத்தனை வருஷம் ஏண்ணே சொல்லலை?"

"யாரு கேட்டீங்க?"

அப்பா சிரித்தார். மகள் அந்தச் சிரிப்பை டெப்போவில் பார்த்ததே இல்லை.

"ரெண்டு பேரும் மோதவே இல்லைன்னு கத்திக்கிட்டே இருக்கீங்களே. மோதினாங்கப்பா. என் விலாவுலதான் மோதினாங்க."

டெப்போவே அதிர்ந்தது. பெயின்டர் டிரம்மைத் தட்டோ தட்டென்று தட்டினார். பிட் பள்ளத்தில் வண்டிக்கு அடியில் இருந்தவர்கள், யாருக்கோ விபத்து என்று நினைத்து ஏறி ஓடி வந்தார்கள். ஹெட் மெக்கானிக் கிரீஸ் கையோடு அப்பாவின் கையைப் பிடித்து உயரத் தூக்கினார். "தீர்ப்பு! ரெண்டு பேரையும் தாங்கி இன்னைக்கும் நிக்கிறது இந்த மனுஷன்தான்!" மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவள் கையிலும் கிரீஸ் என்பது அப்புறம்தான் தெரிந்தது.

பெயின்டர் தகட்டோடு ஓடி வந்தார். பென்சில் கோட்டை அழிக்கக் கையில் துணி. "அண்ணே, மன்னிச்சுக்குங்க. என்ன எழுதட்டும்? சொல்லுங்க, எதுன்னாலும் எழுதறேன்."

அப்பா தகட்டை வாங்கி, கையை நீட்டித் தள்ளிப் பிடித்துப் பார்த்தார்.

"அரை ரவுண்டுன்னே இருக்கட்டும்."

"அப்பா!" என்றாள் மகள்.

"சும்மா இரும்மா. உடைஞ்ச எலும்போட கருங்கல் முன்னாடி அரை ரவுண்டு நின்னவன் வேற யாரு இருக்கான்?" தகட்டைப் பெயின்டரிடம் திருப்பிக் கொடுத்தார். "எழுத்து மட்டும் சின்னதா இருக்கு. தெருவுல போறவனுக்கும் தெரியற மாதிரி பெருசா எழுது."

பிறகு உள்ளே போய் டப்பாவை எடுத்து வந்தார். பெஞ்சின் நடுவில் இடம் விட்டார்கள்.