ழ, ள, ல

அண்ணன் தையல்காரர். நாற்பத்தைந்து வயதில் அவருடைய கை சொன்ன பேச்சைக் கேட்காமல் போனது. கத்தரி துணியை விட்டு விலகி ஓடும். தோள் தானாகத் துள்ளும். குடிப்பழக்கம் என்று வாடிக்கைக்காரர்கள் முடிவு கட்டினார்கள்.

நரம்பு டாக்டர் தங்கையிடம் கேட்டார். "குடும்பத்துல வேற யாருக்காவது இப்படி இருந்துச்சா? இது பரம்பரை நோயா இருக்கலாம்."

"தெரியலை டாக்டர். அப்பா அநாதை இல்லத்துல வளர்ந்தவர். நாங்க சின்னவங்களா இருந்தப்பவே கட்டட வேலையில சாரத்துல இருந்து விழுந்து செத்துட்டார்."

தங்கை கணக்கு டீச்சர். விடுமுறையில் ஆவணக் காப்பகத்தில் போய் உட்கார்ந்தாள். குடும்பப் பெயரை வைத்துத் தேடியதில் தாத்தா வரை கிடைத்தது. அதற்கு மேல் ஆளே இல்லை. பள்ளிக்கூடத்தில் பாதிப் பிள்ளைகளுக்கு அந்தப் பெயரிலுள்ள ழகரம் நாக்கில் வராது. பழைய குமாஸ்தாக்களுக்கு மட்டும் வந்திருக்குமா? ளகரம் போட்டுத் தேடினாள்.

கொள்ளுத்தாத்தா மனநல மருத்துவமனைப் பதிவேட்டில் இருந்தார். "கை கால் ஓயாமல் ஆடுகிறது. குடிகாரன்." அவருடைய தம்பி லகரத்தில், அதே மருத்துவமனையில். கொள்ளுத்தாத்தாவின் மகள் யகரத்தில், ஆற்றில் விழுந்து இறந்தவள். தகப்பன் பெயரும் தெருவும் ஒத்துப்போயின. ஒரே வீட்டு மனிதர்கள் யாரோ எவரோ போலத் தனித்தனிப் பக்கங்களில் கிடந்தார்கள்.

பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த அம்மா, இதைக் கேட்டதும் குழாயை மூடினாள்.

"உங்கப்பா கால் தவறி விழலை. ரெண்டு வருஷமாவே கை ஆடிக்கிட்டுதான் இருந்துச்சு. தெரிஞ்சா யாரும் வேலைக்குக் கூப்பிட மாட்டாங்கன்னு வாயைத் திறக்கலை. அன்னைக்குக் கம்பைப் பிடிக்க முடியலை."

"எங்ககிட்ட ஏம்மா சொல்லலை?"

"சொல்லியிருந்தா வராம போயிருக்குமா?"

அண்ணன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப என் பொண்ணுக்கு?" என்றார்.

"பாதிக்குப் பாதி. எனக்கும் அதே கணக்குதான்ணே."

மகளிடம் அவரே சொன்னார். அவள் வங்கியில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்தாள். அன்று மாலையே அத்தையைத் தேடி வந்தாள்.

"நீங்க ரத்தம் குடுத்துப் பாத்தீங்களா அத்தை?"

"இல்லடா. பயமா இருக்கு."

"எனக்கும்தான். சேர்ந்தே போவோம்."

முடிவு வந்தது. அத்தைக்கு இல்லை, அவளுக்கு இருந்தது. பஸ்ஸில் வரும்போது, தப்பித்துவிட்டோம் என்று ஒரு கணம் தோன்றியதற்காக அத்தை வெட்கப்பட்டாள். பக்கத்தில் இருந்தவளின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

கதவைத் திறந்த அண்ணன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"யாருக்கு?"

"எனக்குப்பா."

அவர் அப்படியே சுவரோரம் சரிந்து உட்கார்ந்தார். மகள் செருப்பைக் கழற்றிவிட்டுப் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். அத்தை வாசலிலேயே நின்றாள்.