ஸ்டிக்கர் ஒட்டாத நானூறு பெட்டி

"இல்லய்யா. காட்ட மாட்டேங்கு," என்றான் கம்ப்யூட்டர் ரிப்பேர்காரன் ராபின், ஐந்தாவது தடவையாக.

காலையிலிருந்து இதையே கேட்டுப் பனியன் கம்பெனி முதலாளி லிங்கசாமிக்குக் காது புளித்துவிட்டது. வாசலில் லாரி நிற்கிறது. உள்ளே நானூறு அட்டைப்பெட்டி பனியன், டேப் ஒட்டி, கூரை முட்ட அடுக்கியது அடுக்கினபடி கிடக்கிறது. பெட்டிக்குப் பெட்டி கோடு கோடாய் ஒரு ஸ்டிக்கர் ஒட்டினால்தான் தூத்துக்குடி துறைமுகத்துக்குள் விடுவான். ஸ்டிக்கர் அடிக்கிற கம்ப்யூட்டரோ நேற்று மண்டையைப் போட்டுவிட்டது. நாலரைக்குள் லாரி நகராவிட்டால் கப்பல் போச்சு. தேதி தவறின சரக்கைச் சீமைக்காரன் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான்.

இப்போது மணி ஒன்றரை.

"வேற கம்ப்யூட்டர்ல அடிக்கறதுக்கென்ன கேடு?" என்றார்.

"அந்த சாஃப்ட்வேர் இந்தக் கம்ப்யூட்டருக்குத்தான் பதிஞ்சிருக்குதுங்க மாமா. நாலு தடவ சொல்லீட்டேன்," என்றாள் மருமகள் சித்ரகலா. ஆபீஸ் அவள் பொறுப்பு. "உள்ள எல்லாத்தையும் சேத்து வெக்கற எஸ்.எஸ்.டி.தான் செத்துப்போச்சு. புதுசு மாட்டுனா ஓடும்."

மாட்டியாயிற்று. ஓடத்தான் காணோம்.

அந்தப் புதுசை வாங்கி வந்தவரே லிங்கசாமிதான். ராபினே வாங்கி வரட்டும் என்று சித்ரகலா சொன்னாள். அவர் கேட்கவில்லை. ரிப்பேர்காரன் கையில் சாமான் வாங்கச் சொல்வது, பூனை தலையில் பால் சொம்பை வைத்து அனுப்புகிற கதைதான் என்பது அவர் கட்சி. காலையில் தானே மொபெட்டை உதைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் முனீஸின் கம்ப்யூட்டர் சாமான் கடைக்குப் போனார். சூயிங்கம் பட்டை மாதிரி ஒன்றை அவன் எடுத்து நீட்டினான். இதுக்கா இத்தனை அக்கப்போர் என்று வயிறு எரிந்தது. கொண்டுவந்து, முருகன் படத்தடியில் வைத்து எடுத்துத்தான் ராபினிடம் கொடுத்தார்.

ராபின் தூத்துக்குடிப் பக்கத்து ஆள். நாற்பதை நெருங்குகிறான், பத்து வருசமாய் இந்த வட்டாரத்துக் கம்பெனிகளில் கம்ப்யூட்டர் வைத்தியம். கழற்றினான். மறுபடி மாட்டினான். பொத்தான் மாதிரி ஒரு பேட்டரியைப் பிடுங்கிவிட்டுத் திரும்ப வைத்தான். நீலத் திரையில் என்னென்னவோ மாற்றினான். திரை, புதுசு என்று ஒன்று இருப்பதையே ஒத்துக்கொள்ளவில்லை.

"இதுல ரெண்டு ஜாதி உண்டுய்யா. ஒண்ணுக்குள்ளது இன்னொண்ணுல சேராது. ஆனா இது சரியான ஜாதிதான்."

"என்ன கெரகமுங்க இது! இதுலயுமா?"

ராபின் தன் லேப்டாப்பைத் திறந்து, அதில் மாட்டிப் பார்த்தான். அங்கேயும் இல்லை.

"சரக்கே செத்த சரக்குய்யா. கடைக்காரன் தலையில கட்டிட்டான்."

லிங்கசாமி போனைப் போட்டார். "ஏனுங்க முனீசு, எழுவத்தோரு வயசுக் கெழவன்னா இளிச்சவாயனுங்களா?"

"பெரியவரே, உங்க முன்னாடிதானே என் சிஸ்டத்துல மாட்டிக் காமிச்சேன்? நீங்க நம்பலைன்னு ரெண்டு வாட்டி காமிச்சேன். மறந்துட்டீங்களா?"

வாஸ்தவம்தான். ரெண்டு தடவை காட்டச் சொன்னார். ரெண்டு தடவையும் வந்தது.

போனை வைத்தார். கடையில் உயிரோடு இருந்தது, இங்கே வந்து எப்படிச் செத்தது? அவர் பார்வை ராபினின் பைக்குப் போனது. பை வாய் திறந்திருந்தது. உள்ளே அதே மாதிரி பட்டைகள் ஏழெட்டு.

"மாத்தீட்டீங்களா தம்பி?"

"என்னய்யா சொல்லுதிய?"

"நல்லதைப் பைக்குள்ள போட்டுக்கிட்டுச் செத்ததைச் சொருவுனா யாருக்குத் தெரியும்னு நெனச்சீங்க? எனக்குத் தெரியுமுங்க. நான் அடையாளம் வெச்சுத்தான் குடுத்தேன்."

ராபின் முகம் கறுத்துவிட்டது. திருப்புளிகளை ஒவ்வொன்றாய்ப் பொறுக்கிப் பையில் போட்டான். பையைத் தோளில் மாட்டினான். "வேற ஆளப் பாத்துக்கிடுங்க. பத்து வருசத்துல ஒரு ஸ்குரூ எடுத்தேன்னு எவனும் சொன்னதில்ல."

"அண்ணா, சித்த இருங்கண்ணா!" சித்ரகலா கதவை மறித்துக்கொண்டாள். "ஏனுங்க மாமா, லாரி வாசல்ல நிக்கறப்பத்தான் உங்களுக்கு வாய் இப்பிடி நீளுமா?"

லாரிக்காரன் வெளியே ஹாரனை அமுக்கினான். கிழவர் மசியவில்லை. பட்டையைப் பிடுங்கி ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார், இறக்கினார். அடையாளம் இருக்காது, ஆளை இன்றைக்குக் கையும் களவுமாய்ப் பிடித்துவிடலாம் என்றுதான் நினைத்தார். பட்டையின் ஒரு முனையில் வரிசையாய்த் தங்கப் பல் மாதிரி இருந்தது. பல்லிடுக்கில் மஞ்சளாய்க் கொஞ்சம் காய்ந்து கிடந்தது.

"இருக்குது," என்றார். சத்தம் இறங்கிவிட்டது. "என்னுதுதான்."

"எது இருக்கு?" என்றான் ராபின்.

"அடையாளமுங்க."

"என்ன அடையாளம்?"

லிங்கசாமி ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். "சந்தனம்."

ஊசியோ பெல்ட்டோ, சந்தனம் தொட்டு வைக்காமல் அவர் எந்த மிஷினுக்கும் எதையும் பூட்டியதில்லை. இதற்கும் வைத்தார். சர்ச்சுக்குப் போகிற வேதக்காரன் ராபின் பார்த்தால் சிரிப்பானே என்று வேஸ்ட் துணியால் துடைத்துவிட்டுக் கொடுத்தார். துடைத்தது மேலோடு போயிற்று.

"எங்கய்யா வச்சிய?"

"அதா, அந்தப் பல்லு மேல. அதுதானுங்களே மூஞ்சி மாதிரி இருந்துச்சு?"

ராபின் பையோடு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தான். "ரெண்டு மணி நேரம்! பேட்டரியப் புடுங்கி, போர்டப் பொரட்டி... ஏன்யா, அந்தப் பல்லு வழியாத்தான் அது பேசும். வாய்க்குள்ள சந்தனத்த அப்பிவச்சுட்டு, பேசல பேசலன்னா?"

கிழவர் மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை. கிட்டே வந்தார். ராபின் தோளிலிருந்த பையைத் தானே கழற்றி, மேஜைமேல் வைத்தார். "பாருங்க தம்பி," என்றார்.

சித்ரகலா பென்சில் அழிக்கிற ரப்பரைக் கொடுத்தாள். ராபின் ஸ்பிரிட்டைத் தொட்டுத் துடைத்தான், ரப்பரால் தேய்த்தான், மறுபடி துடைத்தான். "தேஞ்சு போயிராதுங்களா?" என்று லிங்கசாமி மூன்று தடவை கேட்டார். மூன்றாவது தடவைக்கு அவன் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டார்.

மாட்டினான். திரையில் பேர் வந்தது.

விண்டோஸ் ஏற்றி, சாஃப்ட்வேரை உயிர்ப்பித்து, சீமைக்காரன் அனுப்பின ஃபைலை மெயிலிலிருந்து இறக்கி, முதல் ஸ்டிக்கர் வெளியே வரும்போது மணி மூன்று. மிஷின்களை நிறுத்திவிட்டுக் கம்பெனியே பெட்டிகளின் மேல் விழுந்தது.

"முனீசுக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிருங்க மாமா," என்றாள் சித்ரகலா.

"அவனொண்ணும் கேக்கலியே."

ராபின் கம்ப்யூட்டர் மூடியைத் திருகிக்கொண்டிருந்தான். கிழவர் சந்தனக் கிண்ணத்தோடு பக்கத்தில் வந்து நின்றார். "வெளித் தகரத்துல வெச்சா ஒண்ணும் பண்ணாதுங்களே?"

"தகரத்துக்கு நீங்க அபிஷேகமே பண்ணுங்க. உள்ள மட்டும் கைய விடாதிய."

ஒரு பொட்டு வைத்தார். பிறகு ஸ்டிக்கர் ஒன்றை எடுத்துக்கொண்டு போய்ப் பெட்டியில் அச்சடித்திருந்த நம்பரோடு ஒவ்வொரு எழுத்தாய் ஒத்துப் பார்த்தார். கம்ப்யூட்டர் அடித்ததாயிற்றே, எப்படி நம்புவது? இருபதாவது பெட்டிவரை பார்த்தார். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அப்புறம் அவரும் உட்கார்ந்து ஒட்ட ஆரம்பித்தார்.

நாலேகாலுக்கு லாரி நகர்ந்தது.